கல்லணைக்குப் போன நான்கு வண்டிகள்

1

மே மாதத்து முதல் ஞாயிற்றுக்கிழமை. காலை ஒன்பது மணி, பத்து டிகிரி, வெயில் பேருக்கு அடித்துக்கொண்டிருந்தது. ஓடென்சே நகரத்தின் ஓரத்தில் ஒரு பெட்ரோல் நிலையத்தின் முன்னால் பதினோரு மோட்டார் சைக்கிள்கள் வரிசையாக நின்றன. எங்கள் குழுதான். குளிர்காலம் முடிந்து போகிற முதல் நீண்ட பயணம். குழுவில் மூத்தவர் கிர்ஸ்டன். அறுபத்தெட்டு வயது, ஓய்வு பெற்ற பல் மருத்துவர். கையில் வரைபடத்தோடு என்னிடம் வந்து, "இந்த வருடம் நீ முன்னால் போ, கலா" என்றார்.

டென்மார்க்கில் ஒருவர் இன்னொருவரை வாய்விட்டுப் பாராட்டுவது அத்தி பூத்தாற்போல நடக்கும். ஆறு வருடமாக இந்தக் குழுவில் ஓட்டுகிறேன். முன்னால் போ என்பது இங்கே பட்டம் கட்டுவதற்குச் சமம். மற்ற பத்துப் பேரும் கையுறையோடு கைதட்டினார்கள், பொத் பொத்தென்று.

நான் வேண்டாம் என்றேன். "கடைசி வண்டியாக வருகிறேனே" என்றேன்.

கிர்ஸ்டன் ஏன் என்று கேட்கவில்லை. இந்த ஊரில் கேட்க மாட்டார்கள். கடைசியில் வருகிறவர் போட்டுக்கொள்ள வேண்டிய மஞ்சள் சட்டையை எடுத்துக் கொடுத்துவிட்டுப் போய்விட்டார். நீங்கள் கேட்பீர்கள் என்று எனக்குத் தெரியும். அதனால்தான் எழுத உட்கார்ந்தேன்.

2

நான் பிறவியிலேயே தனி ஆள். திருவையாற்றிலிருந்து தஞ்சாவூருக்குக் கல்லூரி போன காலத்தில் அப்பாவின் மொபெட்டில்தான் போவேன். பஸ்ஸில் தோழிகள் எனக்கு இடம் பிடித்து வைத்திருப்பார்கள். நான் பக்கத்திலேயே மொபெட்டில் போய்க் கையாட்டுவேன். பின்னால் யாரையும் ஏற்றிக்கொள்ள மாட்டேன். என் தங்கை தேன்மொழியைக்கூட. "உனக்கு ராங்கி" என்பாள். ராங்கிதான். காதில் காற்று மட்டும் பேச வேண்டும் என்று நினைக்கிற ராங்கி.

ஆனால் நம் பக்கத்தில் தனியாகப் போவது என்பது பேச்சுக்குத்தான். திருவையாற்றிலிருந்து தஞ்சாவூருக்கு ஐந்து பாலங்கள். முதல் பாலத்தில் ஒருவர், "என்னம்மா, இன்னிக்கு சீக்கிரம்?" என்பார். மூன்றாவது பாலத்தில் சைக்கிளில் வருகிறவர், "அப்பாவுக்கு முட்டி வலி தேவலாமா?" என்பார். ஐந்தாவது பாலம் தாண்டுவதற்குள் நான் துப்பட்டாவைச் சரியாக முடியாமல் போன செய்தி வீட்டுக்குப் போய்ச் சேர்ந்திருக்கும்.

இருபத்திரண்டு வருடங்களுக்கு முன் திருமணமாகி டென்மார்க் வந்தேன். வந்த புதிதில் என் ஓட்டுநர் உரிமத்தை எடுத்துக்கொண்டு நகராட்சி அலுவலகத்துக்குப் போனேன். கவுண்டரில் இருந்த பெண் அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். எம்.சி.டபிள்யூ.ஜி. என்று அதில் எழுதியிருந்தது. கியர் வைத்த மோட்டார் சைக்கிள் என்று அர்த்தம். "இது என்ன மருந்தின் பெயரா?" என்று உண்மையான அக்கறையோடு கேட்டார். பிறகு ஒரு படிவம் தந்தார். அது இன்னொரு படிவத்தைக் கேட்டது. கடைசியில், எட்டுப் போட்டு வாங்கிய உரிமம் இங்கே செல்லாது, முதல் பாடத்திலிருந்து படி என்றார்கள். குழந்தை, வேலை, வீட்டுக் கடன் என்று எல்லாம் முடிந்து நான் அந்த முதல் பாடத்துக்குப் போய் உட்கார்ந்தபோது எனக்கு நாற்பது வயது. வகுப்பில் மற்றவர்களுக்கு இருபது.

சாலைத் தேர்வில் ஒவ்வொரு வளைவிலும் ஹாரன் அடித்தேன். தேர்வாளர் வண்டியை ஓரம் கட்டச் சொல்லி, "உங்களுக்கு யார் மேலாவது கோபமா?" என்று கேட்டார். வளைவில் ஹாரன் அடிக்காமல் திரும்புவது எங்கள் ஊரில் கதவைத் தட்டாமல் நுழைவது மாதிரி என்று, எனக்குத் தெரிந்த டேனிஷில் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. ஆனால் பாஸ் போட்டுவிட்டார்.

உரிமம் வந்த முதல் வாரம் தனியாகக் கடல் ஓரமாக அறுபது கிலோமீட்டர் ஓட்டினேன். யாரும் எதையும் கேட்கவில்லை. சொர்க்கம் என்று நினைத்தேன். இரண்டாவது வாரமும் யாரும் கேட்கவில்லை. மூன்றாவது வாரம் ஒரு கடையில் காபி வாங்கும்போது, கேட்காமலேயே அந்தப் பையனிடம் நான் எங்கிருந்து வருகிறேன், எங்கே போகிறேன், இரவு என்ன சமையல் என்று எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அவன் பயந்துபோய் மீதிச் சில்லறையைக் கூட்டிக் கொடுத்தான். அன்றைக்குத்தான் குழுவில் சேர்வது என்று முடிவு செய்தேன்.

3

குழுவாக ஓட்டுவதற்கு ஒரு சாஸ்திரமே வைத்திருக்கிறார்கள். இரண்டு வரிசை, முன்னும் பின்னுமாக. முன்னால் போகிறவர் கையால் சைகை காட்ட வேண்டும். எனக்கு மிகவும் பிடித்தது திருப்பத்தில் நிற்கிற முறை. முச்சந்தி வந்தால் முன்னால் போகிறவர், தனக்கு அடுத்து வருகிறவருக்கு விரலால் காட்டுவார். அந்த இரண்டாவது ஆள் அங்கேயே இறங்கி நின்று, பின்னால் வருகிறவர்களுக்கு வழி காட்ட வேண்டும். மஞ்சள் சட்டை போட்ட கடைசி வண்டி வரும்வரை அவர் நகரக் கூடாது. அது வந்ததும் அதற்கு முன்னால் சேர்ந்துகொள்வார். அடுத்த முச்சந்தியில் வேறொருவர். இப்படிப் போனால் நாற்பது வண்டி போனாலும் ஒருவரும் வழி தவற மாட்டார்கள்.

ஒழுங்கு என்றால் அப்படி ஒரு ஒழுங்கு. ஆனால் நான்கு மணி நேரம் சேர்ந்து ஓட்டிவிட்டு, காபியும் கேக்கும் சாப்பிட்டுவிட்டு, வானிலையைப் பற்றி மட்டும் பேசிவிட்டுக் கலைவோம். கிர்ஸ்டனின் கணவர் இறந்துவிட்டார் என்பதே எனக்கு மூன்றாவது வருடம்தான் தெரிந்தது. அவரும் இதே குழுவில் ஓட்டியவராம். மூன்று வருடம் அந்த அம்மாவின் பின்விளக்கைப் பார்த்தபடியே ஓட்டியிருக்கிறேன், ஒரு வார்த்தை கேட்கவில்லை. அன்றைக்கு எனக்கு என் மேலேயே வெட்கமாக இருந்தது.

என் மகள் யாழினிக்குப் பதினேழு. சிறுமியாக இருந்தபோது என் முதுகில் பல்லி மாதிரி ஒட்டிக்கொண்டு வருவாள். இப்போது, "நீ போம்மா, நான் ரயிலில் வருகிறேன்" என்கிறாள், டேனிஷில். தமிழ் அவளுக்குப் பசிக்கும்போது மட்டும் வரும். இந்த ஈஸ்டர் விடுமுறைக்கு ஊருக்கு வா என்றேன். தோழிகளோடு ஒரு மரவீடு பிடித்தாகிவிட்டதாம். அவள் அப்பா துணைக்கு இருந்துகொண்டார். நான் மட்டும் கிளம்பினேன். எனக்கு இருந்த அதே ராங்கிதான் அவளுக்கும் என்று விமானத்தில் உட்கார்ந்து நினைத்துக்கொண்டேன். பெருமையாகவும் இருந்தது, வயிற்றெரிச்சலாகவும் இருந்தது.

4

ஊரில் பங்குனி வெயில். காவிரி முழுக்க மணல். வீட்டு வாசலில் என் தங்கை தேனுவின் ஸ்கூட்டர் போர்வை போர்த்திக்கொண்டு நின்றது.

தேனு வேளாண்துறையில் வேலை பார்க்கிறாள். திருக்காட்டுப்பள்ளிப் பக்கத்தில் ஏழெட்டுக் கிராமங்கள் அவள் பொறுப்பு. வயலுக்கு வயல் போக வேண்டும், விதை, உரம், பூச்சி என்று. பதினான்கு வருடமாக ஸ்கூட்டரில்தான் சுற்றினாள். எந்த வரப்பில் எந்த வேப்பமரம் நிழல் தரும் என்று சொல்வாள். நான் அங்கே குழுவில் சேர்ந்து சாஸ்திரம் படித்துக்கொண்டிருந்தபோது, இவள் இங்கே தினமும் நாற்பது கிலோமீட்டர் தன்னந்தனியாக ஓட்டிக்கொண்டிருந்தாள்.

போன வருடப் பங்குனியில் விழுந்துவிட்டாள். நம் பக்கத்தில் அறுவடையான உளுந்துச் செடியை ரோட்டில் பரப்பிவிடுவார்கள், தெரியும்தானே. பஸ்ஸும் லாரியும் ஏறிப்போனால் காய் வெடித்து உளுந்து உதிர்ந்துவிடும். செலவில்லாமல் அடிப்பு முடிந்தது. ரோட்டில் போடாதீர்கள், களத்தில் போடுங்கள், வண்டி வழுக்கும் என்று ஊர் ஊராகப் போய்ச் சொல்ல வேண்டியது தேனுவின் வேலை. அதைச் சொல்லிவிட்டுத் திரும்பும்போதே உளுந்துச் செடியில் வழுக்கி விழுந்தாள். மணிக்கட்டு உடைந்தது.

கை சேர்ந்துவிட்டது. மனசு சேரவில்லை. ஒரு வருடமாக அவள் வண்டியைத் தொடவில்லை. அவள் கணவர் முருகேசன் எலெக்ட்ரிக்கல் கடை வைத்திருக்கிறார். தினமும் அவளைப் பின்னால் ஏற்றிக்கொண்டு கிராமங்களில் விட்டுவிட்டு, பதினொரு மணிக்குத்தான் கடை திறக்கிறார். ஒரு நாளும் முகம் சுளிக்கவில்லை. அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை.

"மனு எழுதிட்டேன்க்கா" என்றாள், நான் போன இரண்டாம் நாள். "ஃபீல்டு வேண்டாம், தஞ்சாவூர் ஆபீஸ்லயே ஏதாவது சீட் குடுங்கன்னு. திங்கக்கிழமை குடுத்துடுவேன்."

"பஸ்ல போய், ஃபேனுக்கு அடியில உக்காந்து, ஃபைல் பாப்பியா நீ?"

"பாக்கத்தான் வேணும். எத்தன நாளைக்கு இவர் முதுகுலயே தொங்கறது?"

மாப்பிள்ளை என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "அவ வயல்லேர்ந்து வந்தா ஒரு மணி நேரம் பேசுவாக்கா. இப்ப வாயே திறக்கறதில்ல. நீங்க ஏதாவது செய்யுங்க" என்றார்.

எனக்கு என்ன தெரியும்? திருப்பத்தில் நிற்கத் தெரியும். அதைத்தான் கையில் எடுத்தேன்.

5

முதல் நான்கு நாள் காலை ஆறு மணிக்கு, புதுத்தெரு முனைவரை அவளை ஓட்ட வைத்தேன். நான் மாப்பிள்ளையின் பைக்கில் பின்னால். அவள் கால் இரண்டையும் தரையில் இழுத்துக்கொண்டே ஓட்டினாள். வாசல் தெளித்துக்கொண்டிருந்த பெண்கள் எல்லாரும் ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள். ஐந்தாம் நாள் கால் மேலே ஏறியது. ஆனால் நான் கொஞ்சம் பின்தங்கினால் போதும், உடனே நிறுத்திவிடுவாள்.

அப்போதுதான் சொன்னேன், "ஞாயித்துக்கிழமை எல்லாரும் சேந்து கல்லணைக்குப் போவோம். டென்மார்க் முறைல."

ஸ்கூட்டரை ஸ்டாண்டில் போட்டாள் தேனு. "கூட்டமா வந்தா வரேன். ஆனா என்னை எங்கயும் தனியா விட்டுட்டுப் போயிடக் கூடாது. சத்தியம் பண்ணு."

பண்ணினேன்.

கூட்டம் என்று சேர்ந்தது நான்கு வண்டி. நான், தேனு, அவளோடு வேலை பார்க்கிற சுகந்தி, பக்கத்துத் தெருவில் மருந்துக்கடை வைத்திருக்கிற ராபியா. புறப்படுவதற்கு முன் எல்லாரையும் நிற்க வைத்துச் சைகைகளைச் சொல்லிக்கொடுத்தேன். ஒரு விரலை மேலே தூக்கினால் ஒரே வரிசையில் வர வேண்டும் என்றேன். சுகந்தி பவ்யமாகக் கையைத் தூக்கி, "அக்கா, ஒத்த விரலத் தூக்கினா நீங்க ஒண்ணுக்குப் போகணும்னு கேக்கறதாதான் நாங்க நினைப்போம்" என்றாள். ராபியா சிரித்த சிரிப்பில் அவள் ஹெல்மெட் கழன்று உருண்டது. அந்தச் சைகையை ரத்து செய்தேன்.

கடைசி வண்டி சுகந்தி. மஞ்சள் சட்டைக்குப் பதிலாக அவளுடைய மஞ்சள் சுடிதார். திருப்பத்து முறையை மூன்று தடவை சொன்னேன். "சுகந்தி வர்ற வரைக்கும் நிக்கறவங்க நகரவே கூடாது. புரியுதா?"

"நிக்கறது தனியாதானேக்கா?" என்றாள் தேனு.

"பின்னாடியே ரெண்டு வண்டி வருதுல்ல. அஞ்சு நிமிஷம் நிக்கறதுக்குப் பேரு தனியாவா?"

தோளில் மாட்டினால் தடுமாற்றமாக இருக்கிறது என்று தன் கைப்பையை என்னிடம் கொடுத்தாள். பைக்கின் பக்கப்பெட்டியில் போட்டுக்கொண்டேன்.

6

நன்றாகவே போனோம். முதல் திருப்பத்தில் தேனு நின்றாள். இரண்டாவதில் ராபியா. தேனுவின் முகத்தில் பழைய அதிகாரி கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பி வந்தாள். வழியில் ஒரு வாழைத்தோப்பைப் பார்த்து, "இதுக்குத் தண்ணி பத்தல" என்று முன்னால் போகிற எனக்குக் கேட்கிற மாதிரி கத்தினாள். திருக்காட்டுப்பள்ளிக்குக் கொஞ்சம் முன்னால், பெரிய ரோட்டை விட்டு வாய்க்கால் கரை ரோட்டில் திரும்புகிற முச்சந்தி. அங்கே ஒரு மதகு, ஒரு புளியமரம். கை காட்டினேன். தேனு இறங்கி நின்றாள். நான் திரும்பினேன்.

இனி நான் சொல்வது எனக்குப் பெருமை தருவதல்ல. அந்த ரோடு காலியாக இருந்தது. இரண்டு பக்கமும் மரம், நடுவில் நிழலும் வெயிலுமாகக் கட்டம் போட்ட தார். கியரை மாற்றினேன். காதில் காற்று பேச ஆரம்பித்தது. கல்லூரி மொபெட்டில் கேட்ட அதே காற்று. கண்ணாடியில் யாரும் இல்லை. அது எனக்கு அவ்வளவு சந்தோஷமாக இருந்தது. பின்னால் மூன்று பேர் வர வேண்டும் என்பதே மறந்துபோனது. ஒரு வேகம், ஒரு பாட்டுக்கூட முணுமுணுத்தேன். முன்னால் போகிறவர் நிமிடத்துக்கு ஒருமுறை கண்ணாடியைப் பார்க்க வேண்டும் என்று ஆறு வருடமாகக் கற்றவள் நான்.

கல்லணைப் பாலத்தில் வண்டியை நிறுத்தி, ஹெல்மெட்டைக் கழற்றி, பெருமையாகத் திரும்பிப் பார்த்தேன். ரோட்டில் ஒரு ஆடுகூட இல்லை.

ஐந்து நிமிடம் பார்த்தேன். பத்து நிமிடம். சுகந்திக்கு போன் அடித்தேன், எடுக்கவில்லை. ராபியாவும் எடுக்கவில்லை. தேனுவுக்கு அடித்தேன். என் பக்கப்பெட்டியிலேயே மணி அடித்தது.

பெட்டியைத் திறந்து அவள் பையை எடுத்தேன். போனுக்கு அடியில் அந்த மனு, நான்காக மடித்து, கையெழுத்துப் போட்டுத் தயாராக இருந்தது. தனியா விடமாட்டேன் என்று சத்தியம் பண்ணிவிட்டு, போனும் இல்லாமல், காசும் இல்லாமல், ஒரு முச்சந்தியில் அவளை நிற்க வைத்துவிட்டு வந்திருக்கிறேன். நகரவே கூடாது என்று வேறு சொல்லியிருக்கிறேன். இனி அவள் ஆயுசுக்கும் வண்டியைத் தொட மாட்டாள். இப்படித்தான் நினைத்தேன்.

திரும்பி எப்படி ஓட்டினேன் என்று நினைவில்லை. அந்த அழகான ரோடு இப்போது முடிகிற மாதிரியே இல்லை.

7

புளியமரத்தடியில் தேனு இல்லை. ஸ்கூட்டரும் இல்லை.

மதகின் மேல் சுகந்தியும் ராபியாவும் உட்கார்ந்து, வாழையிலையில் எதையோ வைத்துத் தின்றுகொண்டிருந்தார்கள். என்னைப் பார்த்ததும் ராபியா, "அக்கா, திட்டாதீங்க. முதல்ல இந்தப் பணியாரத்தைச் சாப்பிடுங்க" என்றாள்.

நடந்தது இதுதான். வழியில் சுகந்தியின் அத்தை ஊர் வந்திருக்கிறது. அத்தை வாசலிலேயே நின்றிருக்கிறார். "அத்தை வீட்டு வாசலத் தாண்டி எப்படிக்கா நிக்காமப் போறது? நாளைக்கு அப்பாவுக்கு போன் வந்துடுமே" என்றாள் சுகந்தி. இரண்டே நிமிடம் என்று உள்ளே போனவர்களுக்கு மோர் வந்திருக்கிறது. பிறகு பணியாரக்கல் அடுப்பில் ஏறியிருக்கிறது. போன் வண்டியிலேயே கிடந்திருக்கிறது. டென்மார்க் சாஸ்திரத்தை எழுதியவருக்கு அத்தை இருந்திருக்க மாட்டார்.

"தேனு எங்கடீ?"

இரண்டு பேரும் பெரிய ரோட்டுப் பக்கம் கையைக் காட்டினார்கள்.

நாங்கள் வந்தபோது வெறும் தாராக இருந்த ரோட்டில், ஐம்பதடி நீளத்துக்கு உளுந்துச் செடி பரப்பிக் கிடந்தது. தேனு மரத்தடியில் காத்துக்கொண்டிருந்தபோதே, அவள் கண்ணெதிரிலேயே, வசந்தா என்கிற அம்மாள் வண்டியில் கொண்டுவந்து கொட்டிப் பரப்பியிருக்கிறார். தேனுவுக்கு நன்றாகத் தெரிந்தவர். போன வருடமே அவளிடம் ரோட்டில் போடுவதற்காகத் திட்டு வாங்கியவர். கடைசி வண்டியும் வரவில்லை, முன்வண்டியும் திரும்பவில்லை. முக்கால் மணி நேரம் நின்றாளாம். அதற்குமேல் அவளுக்குத் தன்னைப் பற்றிய பயம் போய் வேறு பயம் வந்திருக்கிறது. பின்னால் வந்த இரண்டு பேரும் எங்கேயாவது விழுந்து கிடக்கிறார்களோ என்று. அவர்களைத் தேடிப் போக ஒரே வழி, அந்த உளுந்தின் மேல்தான்.

போயிருக்கிறாள். அத்தை வீட்டு வாசலில் வண்டிகளைப் பார்த்து, உள்ளே நுழைந்து, பணியாரத்தட்டோடு சேர்த்து இருவரையும் கிழி கிழியென்று கிழித்து, முன்னால் விட்டு ஓட்டிக்கொண்டு வந்திருக்கிறாள். திரும்பி வரும்போதும் அதே உளுந்து.

இப்போது அதன் மேல்தான் போய்க்கொண்டிருந்தாள். முதுகு நேராக, முழங்கை தளர்வாக, மெதுவாக ஒரு முனைக்குப் போய், ஒடித்துத் திருப்பி, மறுபடி இந்த முனைக்கு வந்தாள். சக்கரத்தின் கீழே காய்கள் படபடவென்று வெடித்தன. வசந்தா அம்மாள் கவைக்கம்பால் செடியைப் புரட்டிக்கொண்டே, "அந்த ஓரத்துல கொஞ்சம் ஏத்துங்க ஆபீசரம்மா. ஞாயித்துக்கிழமைன்னு ஒரு பஸ்ஸக் காணோம்" என்றார்.

"ரோட்டுல போடாதீங்கன்னு போன வருஷமே சொன்னனா இல்லையா?" என்று ஓட்டிக்கொண்டே கேட்டாள் தேனு.

"சொன்னீங்க. களத்துல எங்க பங்காளி எள்ளப் போட்டுட்டான்."

"அடுத்த வருஷம் போட்டீங்கன்னா நான் எழுதிக் குடுத்துடுவேன் மேல."

"எழுதுங்க. இப்ப இன்னும் ரெண்டு தரம் ஏத்திடுங்க."

எனக்கு ஓடிப்போய் அவளைக் கட்டிக்கொள்ள வேண்டும்போல இருந்தது. போகவில்லை. புளியமரத்தடியில் வண்டியை நிறுத்திவிட்டு அங்கேயே நின்றேன். அவள் வரும்வரை நகரக் கூடாது என்று தோன்றியது. ராபியா கொடுத்த பணியாரம் கையிலேயே ஆறிப்போனது. கண்ணில் தூசி என்று சொல்லிக்கொண்டேன்; உளுந்தடிக்கிற இடத்தில் அது யாரும் நம்பக்கூடிய காரணம்.

இரண்டு தரம் என்பது ஐந்து தரமானது. பிறகு தேனு வந்து என் பக்கத்தில் நிறுத்தினாள். முகமெல்லாம் தூசி. "எங்கக்கா போயிட்ட நீ?" என்று மட்டும் கேட்டாள்.

"தப்பு என் பேர்லதான்டீ. கண்ணாடியே பாக்கல. சத்தியத்தை மீறிட்டேன்."

பின்னாலேயே வசந்தா அம்மாள் முறத்தோடு வந்தார். புதிதாகப் புடைத்த உளுந்து, கருகருவென்று இரண்டு கை அளவு. "இது உங்க கூலி, ஆபீசரம்மா. வடைக்குப் போடுங்க. எதுலயாவது வாங்கிக்கங்க."

நான்கு பேரும் சுற்றுமுற்றும் பார்த்தோம். ஒரு பிளாஸ்டிக் பைகூட யாரிடமும் இல்லை. தேனு என் பக்கப்பெட்டியைத் திறந்து தன் பையை எடுத்தாள். உள்ளே கையை விட்டு, நான்காக மடித்த அந்தக் காகிதத்தை எடுத்தாள். ஒரு கணம் அதைப் பார்த்தாள். பிறகு விரித்து, மளிகைக்கடைக்காரர் மாதிரி லாவகமாகச் சுருட்டி, அடியை மடித்து, முறத்துக்கு நேரே நீட்டினாள். உளுந்து சரசரவென்று விழுந்தது. பொட்டலத்தின் வெளிப்பக்கத்தில் 'ஐயா' என்ற ஒரு சொல் மட்டும் தெரிந்தது.



தேனு பொட்டலத்தை ஸ்கூட்டரின் முன்பெட்டியில் பத்திரமாக வைத்தாள். போனை எடுத்து இடுப்பில் செருகினாள். ஹெல்மெட்டின் வாரை இழுத்துப் போட்டுக்கொண்டே, "நீங்க மூணு பேரும் முன்னாடி வீட்டுக்குப் போங்க" என்றாள்.

"நீ?"

"பின்னாடி வாய்க்கால் தலைப்புல ஒரு வயலப் பாத்துட்டு வரேன். தனியா வந்துடுவேன், நீ போக்கா."

போனேன். திருவையாறு வந்து சேரும்வரை கண்ணாடியைப் பார்த்துக்கொண்டேதான் ஓட்டினேன். இந்த வருடம் எல்லாரும் என் கண்ணுக்கு முன்னால் போகட்டும் என்றுதான் கிர்ஸ்டனிடம் மஞ்சள் சட்டையை வாங்கிக்கொண்டேன்.